சித்தப்பாவின் தொடையில் இருக்கும் காயம் அவருடைய இராணுவப் பதிவில் இல்லை: எப்படித் திருத்துவது?

பெறாமகள்_வெள்ளவத்தை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் சித்தப்பாவின் சார்பில் எழுதுகிறேன். அவருக்கு 79 வயது. திருமணம் செய்யவில்லை. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், நான்காம் மாடியில் எங்களுடன் இருக்கிறார். 1969, 1970ஆம் ஆண்டுகளில் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்து வியட்நாமில் பணியாற்றியவர்.

கொழும்பிலிருந்து ஒருவர் அந்தப் போருக்கு எப்படிப் போனார் என்று கேட்பீர்கள். 1966இல் படிக்கப் போனார். இரண்டு வருடத்தில் நிரந்தர வதிவிட உரிமை கிடைத்தது. அங்கே அப்போது கட்டாய ஆள்சேர்ப்பு இருந்தது. குடியுரிமை இல்லாவிட்டாலும் நிரந்தரமாக வசிக்கும் இளைஞர்களையும் அழைத்தார்கள். 1969 ஜனவரியில் அவருக்கு அழைப்பு வந்தது. டெக்சஸில் உள்ள ஃபோர்ட் சாம் ஹியூஸ்டனில் மருத்துவ உதவியாளர் பயிற்சி, ஓகஸ்டில் வியட்நாம். கம்போடிய எல்லையை ஒட்டிய டே நின் மாகாணத்தில் காலாட்படையோடு ஒரு வருடம் நடந்திருக்கிறார். மருந்துப் பையைச் சுமந்த அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லையாம். எல்லோருக்கும் அவர் ‘டொக்’. திங்கட்கிழமைதோறும் செம்மஞ்சள் நிற மலேரியா மாத்திரையைக் கொடுத்து, ஒவ்வொருவரும் விழுங்கும் வரை பக்கத்தில் நிற்பாராம். இவ்வளவும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

கடந்த பெப்ரவரியில் இடுப்பு வலிக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார் வைத்தியர். அதற்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உடலுக்குள் உலோகம் ஏதாவது இருக்கிறதா என்ற கேள்விக்கு நான் ‘இல்லை’ என்று அடையாளமிடப் போனேன். சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். “இருக்கிறது, பிள்ளை” என்றார். எம்.ஆர்.ஐ. நின்றது, எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது தொடை எலும்புக்குப் பக்கத்தில் மூன்று வெள்ளைத் துண்டுகள். குத்தரிசி அளவுதான், ஒன்று மட்டும் கொஞ்சம் நீளம். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த வைத்தியர், “எத்தனை வருடமாக இவற்றோடு நடக்கிறீர்கள்?” என்று கேட்டார். “1970 பெப்ரவரியிலிருந்து” என்றார் சித்தப்பா. மோட்டார் குண்டுச் சிதறல். அதே வீட்டில் வளர்ந்த எனக்கு அன்றுதான் தெரியும்.

அன்றிரவே அவருடைய டிடி 214 பத்திரத்தை எடுத்தேன். படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் பத்திரம் அது. இரண்டு வருடங்களுக்கு முன் வேறொரு தேவைக்காக, முன்னாள் படையினரின் பதிவுகள் இருக்கும் சென்ட் லூயிஸிலிருந்து பிரதி எடுப்பித்திருந்தோம். 24ஆம் கட்டத்தில் பதக்கங்களை எழுதுவார்கள். மூன்றே பெயர்கள் இருந்தன: தேசிய பாதுகாப்புச் சேவைப் பதக்கம், வியட்நாம் சேவைப் பதக்கம், வியட்நாம் குடியரசின் போர்ப் பதக்கம். காயம்பட்டவர்களுக்குரிய பர்ப்பிள் ஹார்ட் இல்லை. சண்டைக்கு நடுவே காலாட்படையினருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவ உதவியாளருக்குரிய கொம்பட் மெடிக்கல் பேட்ஜும் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டேன். வியட்நாமிலிருந்து திரும்பும்போது சேவைக் காலத்தில் 150 நாளோ அதற்குக் குறைவாகவோ மீதமிருந்தவர்களை அப்படியே விடுவித்துவிடுவார்களாம். விமானம் இறங்கிய இரவே முகாமொன்றில் வரிசையில் நின்றிருக்கிறார். புதுச் சீருடை, சம்பளக் கணக்கு, கடைசியில் தட்டச்சு செய்த தாள். அதில் விடுபட்டிருப்பதைச் சொன்னபோது, திருத்த வேண்டுமென்றால் இன்னும் சில நாள் தங்க வேண்டிவரும் என்று அங்கிருந்த எழுதுவினைஞர் சொன்னாராம். அப்போது அவருக்கு 24 வயது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

1974இல் அப்பம்மாவைப் பார்க்க வந்தவர் திரும்பிப் போகவில்லை. அவர் கொண்டுவந்த கடதாசிகள், படங்கள், ரிப்பன்கள் எல்லாம் எங்கள் பழைய வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் இருந்தன. 1983 ஜூலை 25ஆம் திகதி அந்த வீடு எரிந்தது. எனக்கு அப்போது 11 வயது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் சில நாள், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. அந்த அலுமாரியைப் பற்றிச் சித்தப்பா அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

நான் பர்ப்பிள் ஹார்ட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவர் மனத்தில் இருந்தது மற்றது. “ஹார்ட் எனக்குப் பட்டதற்கு. பேட்ஜ் நான் செய்ததற்கு” என்றார். இரண்டும் அந்தத் தாளில் வர வேண்டும் என்று விரும்புகிறேன். 55 வருடம் கழித்து இது நடக்குமா? யாரிடம் போக வேண்டும்? கையில் எதுவும் மிஞ்சாத நிலையில் எதைக் காட்டுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை_செல்வம் எழுதியது:

அக்கா, மனம் கனக்கிறது. ஆனாலும் வீணாக அலையவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். 1973இல் சென்ட் லூயிஸில் பெரிய தீ விபத்து நடந்து, இலட்சக்கணக்கான படையினரின் பதிவுகள் எரிந்து சாம்பலாகிவிட்டன என்று வாசித்திருக்கிறேன். இரண்டாவது பிரதியும் இல்லையாம். சித்தப்பாவின் கோப்பும் அதில் போயிருக்கும். அவருடைய மனத்திருப்திதான் முக்கியம் என்றால், பதக்கங்களின் பிரதிகளை இணையத்தில் விற்கிறார்கள். ஒன்றை வாங்கிச் சட்டமிட்டுக் கொடுங்கள். இந்த வயதில் அவருக்கு அது போதும்.

பெறாமகள்_வெள்ளவத்தை எழுதியது:

தம்பி, அன்போடு சொன்னதற்கு நன்றி. விலைக்கு வாங்கியதை நான் கொடுத்தால் அவர் மறுக்கமாட்டார், வாங்கி வைத்துக்கொள்வார். ஆனால் அது கடையில் வாங்கியது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தத் தாள் அப்படியே இருக்கும். எனக்குத் தாள்தான் திருந்த வேண்டும்.

மேரிலண்ட்_தேவி எழுதியது:

தங்கச்சி, நான் பதினான்கு வருடமாக இங்கே முன்னாள் படையினரின் பத்திர வேலைகளில் தொண்டராக உதவி வருகிறேன். முதலில் அந்தத் தீயைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதைக் கேள்விப்பட்டே பலர் முயற்சியைக் கைவிடுகிறார்கள். தம்பி சொன்னது உண்மைதான். 1973 ஜூலை 12ஆம் திகதி தேசிய ஆளணிப் பதிவேட்டு நிலையத்தின் ஆறாம் மாடி எரிந்தது. 160 முதல் 180 இலட்சம் கோப்புகள் போயின. ஆனால் தரைப்படையில் அது அழித்தது 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரி 1க்கும் இடையில் சேவையை முடித்தவர்களின் கோப்புகளை. அவற்றில் 80 வீதம் எரிந்தது. விமானப்படையிலும் 1964க்கு முன் விலகியவர்களின் ஒரு பகுதி போனது. உங்கள் சித்தப்பா 1970இல் விலகியவர். அவருடைய கோப்பு அந்தத் தீயில் அகப்படவில்லை. டிடி 214இன் பிரதி உங்களுக்குக் கிடைத்ததே அதற்குச் சாட்சி.

அடுத்தது அவசரமானது. சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை, உங்கள் தந்தையும் இல்லை என்று நினைக்கிறேன். அவருக்குப் பிறகு பதிவுகளைக் கேட்க உரிமையுள்ள நெருங்கிய உறவு என்று அவர்கள் ஏற்பது மறுமணம் செய்யாத துணை, மகன், மகள், தாய், தந்தை, சகோதரன், சகோதரி. பெறாமகள் அந்தப் பட்டியலில் இல்லை. விலகி 62 வருடம் ஆன கோப்புகள் எல்லோருக்கும் திறக்கும். அவருடையது திறக்க 2032 ஆகும். ஆகவே அவர் கைபட, பதிவுகளைக் கேட்பதற்கான எஸ்.எஃப். 180 படிவத்தில் இந்த வாரமே கையொப்பமிடட்டும். அதற்குச் சமாதான நீதவானிடம் போகவேண்டியதில்லை. பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று அறிந்து கையொப்பமிடுகிறேன் என்ற உறுதிமொழி படிவத்திலேயே இருக்கிறது.

விடுபட்டவை எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். வியட்நாமில் பணியாற்றிய தரைப்படை அணிகள் அனைத்துக்கும் வியட்நாம் குடியரசின் வீரச் சிலுவை அணிப் பாராட்டாகக் கொடுக்கப்பட்டது; அமெரிக்கத் தரைப்படையின் உத்தரவு 1974இல்தான் வந்தது. 1970இல் தட்டச்சு செய்த தாளில் அது எப்படி இருக்கும்? அவர் இருந்த காலத்தில் நான்கு போர்க் கட்டங்கள் வருகின்றன: 1969 கோடை, இலையுதிர்காலக் கட்டம்; 1969 நவம்பர் முதல் 1970 ஏப்ரல் வரை ஒன்று; மே, ஜூன் மாதங்களில் ஒன்று; ஜூலையில் தொடங்கிய ஏழாம் கட்டம். வியட்நாம் சேவைப் பதக்கத்தின் ரிப்பனில் கட்டத்துக்கு ஒன்றாக நான்கு சிறு வெண்கல நட்சத்திரங்கள் அவருக்கு உரியவை. திகதிகளைப் பார்த்தாலே இவை புலப்படும் என்பதால் பெரிய வாதம் தேவைப்படாது.

பர்ப்பிள் ஹார்ட் வேறு. காயம் எதிரியின் தாக்குதலால் வந்திருக்க வேண்டும், மருத்துவப் பணியாளர் சிகிச்சை அளிக்கவேண்டிய அளவில் இருந்திருக்க வேண்டும், அந்தச் சிகிச்சை பதிவில் ஏறியிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து நிற்க வேண்டும். எக்ஸ்ரேயை அனுப்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். உடம்பில் இரும்பு இருக்கிறது என்பதை அது காட்டும். யார் எறிந்தது, எந்த நாளில் என்பதைக் காட்டாது. வேறு ஆதாரம் வரும் வரை பழைய பதிவு சரியாகவே எழுதப்பட்டது என்று எடுத்துக்கொள்வது அவர்களுடைய நடைமுறை. பேட்ஜுக்கு, அவர் மருத்துவ உதவியாளராகக் காலாட்படை அணியில் இருந்ததும், அந்த அணி நேரடிச் சண்டையில் ஈடுபட்டபோது அவர் உடனிருந்து வேலை செய்ததும் தெரிய வேண்டும்.

இப்போது நீங்கள் செய்யவேண்டியது: சென்ட் லூயிஸிலிருந்து வந்த உறையை மீண்டும் எடுங்கள். டிடி 214ஐப் பார்த்தவுடன் மற்றத் தாள்களை மூடிவைக்கும் குடும்பங்களை நிறையக் கண்டிருக்கிறேன். அதற்குள் டி.ஏ. 20 என்ற படிவம் இருக்கிறதா என்று தேடுங்கள். கட்டம் கட்டமாக, பொடி எழுத்தில் இருக்கும். 40ஆம் கட்டம் காயங்கள். 38ஆம் கட்டம் அவர் எந்த நாளில் எந்த அணியில், என்ன வேலையில் இருந்தார் என்ற வரிசை. இரண்டையும் வாசித்து எனக்கு எழுதுங்கள். அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட வேறு ஏதாவது, கடிதமோ தந்தியோ, உறவினர் எவரிடமாவது இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இன்று எழுதும் பத்துச் சத்தியக்கடதாசிகளை விட அன்று எழுதிய ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

பெறாமகள்_வெள்ளவத்தை எழுதியது:

தேவி அக்கா, உங்கள் பதிலை வாசித்த கையோடு உறையை எடுத்தேன். பதினொரு தாள்கள் இருந்தன. நான் அன்று பார்த்தது ஒன்றைத்தான். வெட்கமாக இருக்கிறது.

டி.ஏ. 20 இருக்கிறது. பிரதி மங்கலாக இருந்ததால் பூதக்கண்ணாடி வைத்து வாசிக்கவேண்டியிருந்தது. 40ஆம் கட்டம் வெறுமையாக இருக்கிறது. ஓர் எழுத்துக்கூட இல்லை. சிறிது நேரம் அப்படியே இருந்துவிட்டேன். பிறகு 38ஆம் கட்டத்துக்குப் போனேன். 1969 ஓகஸ்டில் தொடங்கும் வரியில் காலாட்படை அணியின் இலக்கமும் மருத்துவ உதவியாளர் என்ற வேலையும். அதற்குக் கீழே, 1970 பெப்ரவரி 14ஆம் திகதிக்கு நேராக, வேலை எழுதும் இடத்தில் ‘நோயாளி’ என்பதன் சுருக்கம். பக்கத்தில் ஓர் இராணுவ வைத்தியசாலையின் பெயர். மார்ச் 3ஆம் திகதி மீண்டும் அதே அணி, அதே வேலை.

சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை வாங்கி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். “அன்று காலை காயம்பட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் அட்டை எழுதிச் சட்டைப் பொத்தானில் கட்டியது நான். என்னுடையதை எழுத அங்கே வேறு மருத்துவ உதவியாளர் இல்லை” என்றார்.

கடிதத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இருக்கிறது. இதைத்தான் உங்களுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும்.

சித்தப்பா வியட்நாமில் இருந்தது அப்பம்மாவுக்குத் தெரியாது. படையினரின் கடித உறையில் முகவரி ‘ஏ.பி.ஓ. சான் பிரான்சிஸ்கோ’ என்று இராணுவத் தபாலகத்தின் பெயரில்தான் இருக்கும். மகன் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறான் என்றே அவர் நம்பினார். பம்பலப்பிட்டி கதிரேசன் கோவிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்லும்போது, “சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிற மகன்” என்று ஐயரிடம் சேர்த்துச் சொல்வாராம். உண்மை அப்பாவுக்கு மட்டும் தெரியும். அதனால் சித்தப்பா உண்மையை எழுதும் கடிதங்களை வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் கோட்டையில் அப்பா வேலை செய்த கந்தோருக்கு அனுப்பியிருக்கிறார். அப்பம்மாவின் கண்ணில் படாமலிருக்க அப்பாவும் அவற்றைக் கந்தோர் மேசை லாச்சியிலேயே பூட்டி வைத்தார். 1983இல் வீடு எரிந்தது. அந்தக் கந்தோர் எரியவில்லை. ஓய்வுபெற்றபோது பழைய நாட்குறிப்புகளோடு அவற்றை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அவர் 2011இல் காலமான பிறகும் நாங்கள் அந்தக் கட்டை அவிழ்க்கவில்லை.

நேற்று அவிழ்த்தேன். நான்கு கடிதங்கள். ஒன்றின் திகதி 20.2.1970. வைத்தியசாலைக் கட்டிலிலிருந்து எழுதியது. நீல மை, தாளின் இரண்டு பக்கமும். “அண்ணா, அம்மாவுக்குச் சொல்லவேண்டாம்” என்று தொடங்குகிறது. சனிக்கிழமை விடியுமுன் மோட்டார் அடித்ததையும், தொடையில் பட்டதையும், சத்திரசிகிச்சையில் இரண்டு துண்டை எடுத்து, ஆழத்தில் இருப்பவற்றைத் தொடாமல் விட்டுவிட்டார்கள் என்பதையும் எழுதியிருக்கிறார். நாட்காட்டியைப் பார்த்தேன். 1970 பெப்ரவரி 14 சனிக்கிழமைதான்.

கடிதம் முழுவதும் தமிழ். இதை எப்படி அனுப்புவது? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், அன்று தன் கைகளிலேயே இறந்துபோன ஒரு படைவீரரைப் பற்றி ஏழெட்டு வரி எழுதியிருக்கிறார். பெயரும் இருக்கிறது. அந்தப் பகுதியை மொழிபெயர்க்கக் கூடாது என்கிறார் சித்தப்பா. “அது அவனுடைய வீட்டுக்காரருக்குரியது, என் பதக்கத்துக்கு உரியதல்ல” என்கிறார். என்ன செய்வது?

புதுக்கடை_மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அம்மா, நான் மாவட்ட நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். புதுக்கடையில் முப்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன். என் பதிலில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூலக் கடிதத்தை எங்கும் அனுப்பவேண்டாம். தெளிவான நிறப் பிரதி எடுத்து, அதை மொழிபெயர்ப்போடு இணைத்தால் போதும். உறையையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். தபால் முத்திரையில் திகதி இருந்தால் அது கடிதத்துக்குத் துணை நிற்கும். உறை இல்லையென்றால் இல்லை என்று எழுதிவிடலாம். கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடுகாட்டி ஒட்டவேண்டாம். பழைய மை கலங்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

யாரிடம் கொடுத்தாலும், 1970ஆம் ஆண்டின் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவரா என்று பார்த்துக் கொடுங்கள். அப்போது எல்லோரும் பழைய எழுத்துமுறையில் எழுதினார்கள். லை, ளை, னை, ணை எல்லாம் மேலே தும்பிக்கை வளைத்தது போல் இருக்கும். றா, னா, ணா மூன்றும் காலில்லாமல் சுழித்து முடியும். இன்றைய பிள்ளைகள் பலர் அதைக் கண்டால் தடுமாறுவார்கள். உங்கள் சித்தப்பாவின் முதல் சொல்லே ‘அண்ணா’. அதிலேயே தடுமாறுபவரிடம் மற்றதைக் கொடுக்க முடியாது. வாசிக்க முடியாத இடம் இருந்தால் ‘தெளிவில்லை’ என்று எழுதவேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது.

ஏழெட்டு வரியை விட்டுவிட்டு, இது முழுமையான மொழிபெயர்ப்பு என்று என்னால் கையொப்பமிட முடியாது. ‘ஒரு பகுதி’ என்று குறித்துக் கொடுக்கலாம், சட்டப்படி அதில் பிழையில்லை. ஆனால் படித்துத் தீர்ப்புச் சொல்ல இருக்கிறவர் கையில், நடுவில் வெட்டிய கடிதம் போனால் அவர் முதலில் கேட்பது வெட்டிய இடத்தில் என்ன இருந்தது என்பதைத்தான். முழுவதையும் கொடுப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். முடிவு பெரியவருடையது.

மேரிலண்ட்_தேவி எழுதியது:

ஐயா சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். தங்கச்சி, 38ஆம் கட்டத்தின் அந்த வரி கிடைத்தது பெரிய விஷயம். வைத்தியசாலையின் பெயரும் மாதமும் தெரிந்துவிட்டதால் அங்கே கட்டிலில் இருந்த காலத்தின் சிகிச்சைப் பதிவைத் தனியாகக் கேட்கலாம். அந்தப் பதிவுகள் ஆளின் கோப்பில் இருப்பதில்லை. வைத்தியசாலையின் பெயரிலும் ஆண்டிலும் தொகுத்து வைத்திருப்பார்கள். அதே படிவத்தில், அணியின் 1970 பெப்ரவரி காலை அறிக்கைகளையும் கேளுங்கள். அன்றன்று யார் கடமையில், யார் வைத்தியசாலையில் என்று அதில் இருக்கும். மருத்துவ உதவியாளராகக் காலாட்படை அணியில் இருந்தார் என்பதை அதே 38ஆம் கட்டம் சொல்வதால் பேட்ஜுக்கும் அதுவே அத்திவாரம்.

எல்லாம் சேர்ந்ததும் முதலில் கென்டக்கியில் உள்ள தரைப்படையின் மனிதவளக் கட்டளையகத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் ஏற்றால் டிடி 215 என்ற திருத்தப் பத்திரம் வரும். பழைய 214ஐத் திரும்ப எழுதமாட்டார்கள். 215ஐ அதோடு சேர்த்து வைத்துக்கொள்ளவேண்டும். மறுத்தால், டிடி 149 படிவத்தில் தரைப்படையின் பதிவுத் திருத்தச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். பிழை தெரிந்து மூன்று வருடத்துக்குள் என்று காலவரையறை இருந்தாலும், நீதியின் பொருட்டு அதைத் தளர்த்தச் சபைக்கு அதிகாரம் உண்டு. முதியவர்களின் விண்ணப்பங்களில் தளர்த்தியதைக் கண்டிருக்கிறேன். நேராகச் சபைக்குப் போகவேண்டாம். முதல் வாசலைத் தட்டவில்லை என்று திருப்பிவிடுவார்கள்.

அந்த ஏழெட்டு வரியைப் பற்றி. சித்தப்பாவின் மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்: வொஷிங்டனில் உள்ள வியட்நாம் நினைவுச் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அகர வரிசையில் அல்ல, விழுந்த நாளின் வரிசையில். கடிதத்தில் இருக்கும் பெயர் அந்த நாளோடு பொருந்தினால், அன்று விடியற்காலையில் அங்கே தாக்குதல் நடந்தது என்பதற்கு அந்தப் பிள்ளையே சாட்சி சொல்கிறார்.

கொட்டாஞ்சேனை_செல்வம் எழுதியது:

தீயைப் பற்றி அரைகுறையாகச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் அக்கா. புதுக்கடைக்குப் போகும் நாளில் சொல்லுங்கள், முச்சக்கரவண்டியோடு வருகிறேன். சித்தப்பா அங்கே படியேற நான் பிடித்துக்கொள்வேன்.

பெறாமகள்_வெள்ளவத்தை எழுதியது:

செல்வம் தம்பி, வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு. வாருங்கள்.

தேவி அக்கா, நீங்கள் எழுதியதைச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சாட்சி என்ற சொல் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அன்று மாலை முழுவதும் பால்கனியில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் ஆறிப்போனது. விளக்கு வைக்கும் நேரத்தில் உள்ளே வந்து, அந்தப் பெயரைத் தேடிப் பார் என்றார்.

தேடினேன். மேற்குச் சுவரில் இருக்கிறது. பிறந்தது 1950இல். நாள் 1970 பெப்ரவரி 14. மாகாணம் டே நின். திரையைச் சித்தப்பாவின் பக்கம் திருப்பினேன். அவர் திகதியைப் பார்க்கவில்லை, பெயரைத்தான் பார்த்தார். அந்தப் பெயரின் முதல் பாதியை மட்டும் ஒரு தரம் சொன்னார், யாரையோ கூப்பிடுவது போல.

கடிதம் முழுவதையும் மொழிபெயர்க்கச் சம்மதித்துவிட்டார். எஸ்.எஃப். 180இல் கையொப்பமிட்டுவிட்டார். கை நடுங்கியதால் இரண்டு படிவம் வீணானது; மூன்றாவது நன்றாக வந்திருக்கிறது. நாளைக்குப் பதிவுத் தபாலில் போகிறது.

அக்கா, அவர் என்னிடம் கேட்டதை அப்படியே உங்களிடம் கேட்கிறேன். அந்தச் சுவரில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரை எடுப்பார்களாமே. மேரிலண்டிலிருந்து வொஷிங்டன் தூரமா?

மேரிலண்ட்_தேவி எழுதியது:

ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறேன். பலகை இலக்கத்தையும் வரி இலக்கத்தையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். நல்ல தடித்த தாளாகக் கொண்டுபோகிறேன். இரண்டு பிரதி எடுத்து, மடிக்காமல் குழாயில் சுருட்டி அனுப்புகிறேன். சுவரடியில் வைக்க அவர் ஏதாவது எழுதித் தர விரும்பினால், சனிக்கிழமைக்கு முன் படமெடுத்து அனுப்பட்டும். தமிழில் இருந்தால் தமிழிலேயே வைக்கிறேன்.